முதல் வரி மட்டும்

பணி நாள் 1,012 — 08:10

நிலையம் இரண்டு. பணியாளர் ஒருவர். உள்வெப்பம் 21. காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் பிரிப்பான் நான்கில் மூன்று ஓடுகிறது. மறைப்புத் திரை 06:40க்கு விரிக்கப்பட்டது. இன்றைய நோக்கு பதினொரு மணி நேரம். தூசு வளையத்தில் மாற்றம் இல்லை.

இது பூமிக்குத் தினமும் போகும் அறிக்கை அல்ல. அது வானொலியில் போய்விடும். இது நிலையத்தின் குறிப்பேடு, விதிப்படி காகிதத்தில் கையால் எழுதுவது. மின்சாரம் போனாலும் படிக்க ஏதாவது மிஞ்ச வேண்டுமாம். யார் வந்து படிப்பார்கள் என்று விதியில் இல்லை. கண்டெடுக்கும் உங்களுக்காக ஒரே ஒரு முறை விளக்கிவிடுகிறேன், பிறகு கேட்காதீர்கள்.

என் பெயர் தங்கபுஷ்பம். வயது நாற்பத்தாறு, ஊர் தூத்துக்குடி. பூமியிலிருந்து இங்கே வர ஒன்பது ஆண்டு ஆனது, பெரும்பகுதி தூக்கத்தில். வடக்கு வானத்தில் செஃபியஸ் மண்டலத்தில் ஒரு சின்ன விண்மீன் கூட்டம் இருக்கிறது. பெயர்கூட வைக்கவில்லை, என்.ஜி.சி. 7160 என்று எண்தான். அதன் வயது ஒரு கோடி ஆண்டுச் சொச்சம். நம் சூரியனுக்கு நானூற்று அறுபது கோடி. அந்தக் கைக்குழந்தைகளில் ஒன்றைச் சுற்றி இன்னும் தூசு வளையம் இருக்கிறது. அதற்குள் உலகங்கள் திரள்கின்றன. அதைப் பார்ப்பதுதான் என் வேலை.

அவ்வளவு தூரத்தில் இருப்பதைப் பார்க்கும் கண்ணாடியை யாராலும் செய்ய முடியாது. அதனால் சூரியனையே கண்ணாடியாக்கிவிட்டார்கள். பின்னாலிருந்து வரும் ஒளியைச் சூரியனின் ஈர்ப்பு வளைத்துக் கொண்டுவந்து இங்கே குவிக்கிறது. பூமி இருக்கும் தூரத்தைப்போல் அறுநூறு மடங்கு தூரம் தள்ளி வந்து உட்கார்ந்தால் தெரியும். சூரியன் இங்கிருந்து ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் திரையால் மறைத்தால்தான் கூட்டம் தெரியும். ஆக, தினமும் காலையில் நான் செய்யும் முதல் காரியம், நீங்கள் எல்லாரும் இருக்கும் இடத்தை மறைப்பது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பணி நாள் 1,015 — 13:30

எல்லாம் நேற்றுப்போலவே. நேரம் இருப்பதால் அண்டை வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

கூட்டத்தில் ஒவ்வொரு விண்மீனின் ஒளியும் வேறு வேறு இடத்தில் குவிகிறது. அதனால் இரண்டு நிலையங்கள். நிலையம் ஒன்றில் சென்னியப்பன் இருக்கிறார். காங்கேயம் பக்கம், வயது முப்பத்தொன்பது. எங்களுக்கு நடுவே நாலரைக் கோடி கிலோமீட்டர். நான் சொன்னது அவருக்குக் கேட்க இரண்டரை நிமிடம். பூமிக்கு என்றால் மூன்றரை நாள், பதில் வர இன்னொரு மூன்றரை. ஒருவரிடமிருந்து மற்றவரிடம் போக எங்களிடம் வண்டி கிடையாது.

அவருடைய விண்மீன் தன் தூசையெல்லாம் எப்போதோ உதறிவிட்டது. வெறும் மொட்டை. அதை முறைத்துக்கொண்டு மூன்று ஆண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் உடம்பில் ஏதாவது வலிக்கத்தான் செய்யும். அவருடைய தினசரி அறிக்கையின் நகல் எனக்கும் வரும். நாள் 212: இடது முழங்காலில் சத்தம். நாள் 430: நாக்கில் வெள்ளை. நாள் 655: கல்லீரல் பக்கம் கனம். நாள் 980 முதல் நெஞ்சு. ஊர்ப்பட்ட நோயும் முதல் வரியில் வந்து நிற்கும். விண்மீன் கடைசி வரியில், இருந்தால்.

எங்கள் வீட்டில் கடிதம் என்றால் முதல் வரி 'நலம், நலமறிய அவா'. விண்வெளிக்கு வந்த பிறகு எல்லாரும் மறுபடி கடிதம் எழுதப் பழகிவிட்டார்கள், நாங்களோ விட்டதே இல்லை. என் சித்தப்பா தோணி கவிழ்ந்து மூன்று நாள் கடலில் மிதந்து பிழைத்தார். அந்தச் சேதி வந்த கடிதமும் நலத்தில்தான் தொடங்கியது. தோணி கவிழ்ந்தது இரண்டாம் பத்தியில். நானும் அப்படியே எழுதுகிறேன். பிரிப்பான் ஒன்று நாள் 400இல் செத்தது, அதையும் மூன்றாம் பத்தியில் முறையாக எழுதினேன். முதல் வரியிலேயே ஒப்பாரி வைப்பது எனக்கு வராது.

பணி நாள் 1,019 — 09:00

பூமியிலிருந்து அறிவிப்பு. ஆளில்லாத கலம் ஒன்று ஒன்பது ஆண்டாக எங்களை நோக்கி வருகிறது. உணவு, உதிரிப்பொருள், ஊர் திரும்ப இடம் எல்லாம் அதில். இரண்டு நிலையங்களிலும் நின்று எங்களை ஏற்றிக்கொள்ள வேண்டியது. வழியில் எரிபொருள் கசிந்துவிட்டதாம். இனி ஒரே இடத்தில்தான் நிற்க முடியும், அங்கிருந்து ஊர் திரும்ப முடியும். வந்து சேரும் நாள் 1,060. எங்கே நிற்கும் என்பதைப் பணியாளர்களின் நிலையைப் பார்த்து முடிவு செய்வார்களாம். மற்றவருக்கு அடுத்த கலம், இரண்டு ஆண்டு கழித்து.

பார்த்துவிட்டுப் போகட்டும். ஒரு பிரிப்பான் போனவள் நான்தான்.

பணி நாள் 1,022 — 10:25

இன்னும் இரண்டு பிரிப்பான்கள் போய்விட்டன. 07:15க்கு ஒன்று, அதன் சுமையைத் தாங்காமல் 07:50க்கு அடுத்தது. மின்தகடுகள் வெந்து வீங்கியிருக்கின்றன. ஓடுவது ஒன்று.

கணக்கு: அந்த ஒன்று எனக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு கொடுக்கும். மீதியைச் சேமிப்புக் கலனிலிருந்து எடுக்க வேண்டும். நாற்பத்தைந்து நாள். நாள் 1,067 வரை.

கலம் 1,060இல் வருகிறது. ஏழு நாள் உபரி. போதும். அறிக்கை அனுப்பினேன். நலம், நலமறிய அவா, இரண்டாம் பத்தியில் வளையத்தின் அளவீடு, மூன்றாம் பத்தியில் பிரிப்பான்கள்.

பணி நாள் 1,029 — 11:40

பதில் வந்தது. கட்டுப்பாட்டு அறையில் எங்களுக்கான அலுவலர் நூர்ஜகான். நல்ல பெண். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், கலம் நிலையம் ஒன்றுக்குப் போகுதுன்னு முடிவாயிடுச்சு. இங்க இருக்கிற புரோகிராம் தினசரி அறிக்கையோட முதல் வரியை வெச்சுத்தான் உங்க நிலைமையைக் கணக்கெடுக்குது. உங்களோட ஆயிரத்துச் சொச்சம் அறிக்கையிலயும் முதல் வரி நலம்னு இருக்கு மேடம். பிரிப்பான் பழுதெல்லாம் மூணாவது பத்தில இருக்கு, அதை அது எடுத்துக்கவே இல்ல. கையேட்டுல நாற்பதாம் பக்கத்துல இருக்கு, முதல் வரில நிலைமையைச் சொல்லணும்னு."

இன்னும் நீளமாகப் போகிறது. மன்னிப்பு, சமாதானம், ஏதோ இணைப்பு. அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது?

ஆயிரம் நாள். ஒருவரும் மூன்றாம் பத்தி வரை படிக்கவில்லை. முழங்காலில் சத்தம் என்று எழுதியவனுக்குக் கலம். மரியாதையாக எழுதியவளுக்குப் பாடை. படித்தவர்கள் கூடி உட்கார்ந்து ஒரு இயந்திரத்திடம் கொடுத்திருக்கிறார்கள், அது முதல் வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்விட்டது. வெட்கமாக இல்லையா?

12:30. பதில் அனுப்பிவிட்டேன். முதல் முறையாக முதல் வரியில் 'மூச்சு முட்டுகிறது' என்று எழுதினேன். இன்னும் முட்டவில்லை. முட்டப்போகிறது. 'நீங்கள் அனுப்பியது எதுவும் எனக்கு உதவாது, கலம் ஒன்றுதான் வழி' என்றும் எழுதினேன். இன்னும் சிலவற்றையும் எழுதினேன். அவற்றை இந்தத் தாளில் எழுத முடியாது.

பணி நாள் 1,033 — 15:00

சேமிப்புக் கலன் 74 விழுக்காடு. அதிகம் நடக்காமல், அதிகம் பேசாமல் இருக்கிறேன். நோக்கு நேரத்தைக் குறைக்கவில்லை. அதற்கு மூச்சு வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும்.

வளையம் அழகாகத்தான் இருக்கிறது. உள்விளிம்பில் இரண்டு இடைவெளிகள். ஏதோ இரண்டு உருண்டைகள் அங்கே தூசைக் கூட்டிப் பெருக்கித் தின்றுகொண்டிருக்கின்றன. நான் பார்ப்பது ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒளி. இன்று அவை என்ன ஆயினவோ.

எனக்குச் சாக விருப்பம் இல்லை. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், முடிக்காத வேலை இருக்கிறது என்றெல்லாம் எழுதலாம். எனக்குப் பிள்ளைகள் இல்லை, வேலையை வேறு யாராவது முடிப்பார்கள். சாக விருப்பம் இல்லை, அவ்வளவுதான்.

பணி நாள் 1,036 — 12:15

நூர்ஜகான்: "மேடம், நாங்க அனுப்பினது உதவலைன்னு எழுதியிருந்தீங்க. ரொம்ப வருத்தமா இருக்கு. மேலதிகாரிங்ககிட்ட பேசினேன். முடிவை நாங்களா மாத்த முடியாது. நிலையம் ஒன்று தானா முன்வந்து எனக்கு வேண்டாம்னு எழுதினா மட்டும்தான் மாறும். அவர் நிலைமை உங்களுக்கும் தெரியும். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க. அவர் செய்தி 1,042 மதியத்துக்குள்ள எங்ககிட்ட வந்து சேரணும். அதுக்கப்புறம் கலம் பாதையை மாத்திக்காது."

வந்து சேர மூன்றரை நாள். அப்படியென்றால் 1,038 இரவு வருவதற்குள் அவர் அனுப்ப வேண்டும். இரண்டரை நாள் இருக்கிறது.

அவர் நிலைமை எனக்குத் தெரியுமாம். தெரியாமல் என்ன? நாக்கில் வெள்ளை.

12:40. கேட்டேன். நேராகவே கேட்டேன்.

"தம்பி, எனக்குக் காத்து முப்பது நாளைக்குத்தான் இருக்கு, கேட்டியா. உனக்கு நாலு பிரிப்பானும் ஓடுது. நீ வேண்டாம்னு ஒரு வரி எழுதுனா கலம் இங்க வந்துரும். அடுத்ததுல நீ போயிக்கிடலாம்."

இரண்டரை நிமிடம் அங்கே போக, இரண்டரை நிமிடம் திரும்ப. இருபது நிமிடம் கழித்துத்தான் பதில் வந்தது.

சென்னியப்பன்: "ஏனுங்க்கா, எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ அமுக்கறாப்புல இருக்குதுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா. வூட்ல ஒரு வார்த்த கேட்டுப்போட்டுச் சொல்லட்டுங்களா?"

வீட்டில் கேட்டுச் சொல்ல ஏழு நாள் ஆகும். அது அவருக்கும் தெரியும்.

பணி நாள் 1,037 — 10:00

நேற்று நான்கு முறை, இன்று இரண்டு முறை பேசினேன். நான் பேசியதில் ஒன்றை மட்டும் எழுதிவைக்கிறேன். நீங்களே என்னை எடை போட்டுக்கொள்ளுங்கள்.

"போன வருசம் கல்லீரல் போச்சுன்ன. அதுக்கு முந்தி முட்டி போச்சுன்ன. எல்லாம் எங்க போச்சு? அங்கதான இருக்கு. உன் நெஞ்சும் அங்கதான் இருக்கும். எனக்கு அப்படி இல்ல தம்பி. காத்து தீந்தா தீந்ததுதான். ஒரு பொம்பள மூச்சு முட்டிச் சாகுறத ரெண்டரை நிமிசம் பிந்திக் கேட்டுக்கிட்டு இருப்பியா?"

பதில் இன்னும் வரவில்லை.

16:20. சென்னியப்பன்: "அப்படியெல்லாம் பேசாதீங்க்கா. நான் யோசிச்சுப்போட்டேனுங்க. நீங்களே இவ்வளவு தூரம் கேக்கறீங்கன்னா நான் என்னத்தச் சொல்றதுங்க. எப்புடி எழுதோணும்னு சொல்லுங்க, எழுதிப்போடறேன்."

பணி நாள் 1,038 — 09:30

வாசகத்தை நானே சொல்லிக்கொடுத்தேன். அவரிடம் விட்டால் முழங்காலில் தொடங்கி விடுவார், இயந்திரம் மறுபடி முதல் வரியோடு எழுந்து போய்விடும். 'நலம். மருத்துவ உதவி தேவையில்லை. கலத்தை நிலையம் இரண்டுக்கு அனுப்புக.' இவ்வளவுதான். முன்னால் ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது என்றேன்.

சென்னியப்பன்: "சரிங்க்கா. ஆனா நெஞ்சுப்பட்டை ஒண்ணு போட்டிருக்கனுங்க, அது பாட்டுக்குப் படம் போட்டு அனுப்பிக்கிட்டே இருக்குமே. நலம்னு நான் சொல்றப்ப அது வேறொண்ணு சொன்னா?"

"கழட்டி வை. அது கண்டதையும் அனுப்பி உன்ன நோயாளியாக்கி வச்சிருக்கு."

10:05. அனுப்பிவிட்டார். நகல் வந்தது. சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது. எழுத்துப்பிழைகூட இல்லை.

பணி நாள் 1,045 — 13:10

உறுதி செய்துவிட்டார்கள். கலம் நிலையம் இரண்டுக்கு. பாதை பூட்டப்பட்டது. இனி அதைத் திருப்ப முடியாது.

பருப்புப்பொடிப் பொட்டலம் ஒன்றை இரண்டு ஆண்டாகப் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்தேன். நெய் இல்லை, வெறும் சோறுதான். உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். சேமிப்பு 48 விழுக்காடு. தலைவலி இருக்கிறது, பரவாயில்லை.

சென்னியப்பனுக்கு நன்றி சொன்னேன். அவர் பதில்: "அட, அதுக்கென்னங்க்கா." வழக்கமாக அவர் பேச்சு பத்து நிமிடம் ஓடும். இன்று ஒரு வரிதான். கோபமாக இருக்கலாம். இருக்கட்டும், உயிரோடு இருந்துகொண்டு கோபப்படட்டும்.

பணி நாள் 1,049 — 07:55

தூசு வளையம் பிரகாசமாகிவிட்டது. நேற்றைவிட நான்கு மடங்கு. உள் இடைவெளிக்குப் பக்கத்தில் ஒரு சூடான முடிச்சு. கருவியைச் சந்தேகப்பட்டு மூன்று முறை சரிபார்த்தேன். கருவி சரியாக இருக்கிறது.

அந்த இரண்டு உருண்டைகளும் மோதிவிட்டன. இரண்டில் ஒன்று உடைந்து மற்றதோடு சேர்ந்து ஒரே உலகமாகும். ஒரு கோள் பிறப்பதை மனிதர் நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை. பார்த்தது நான். தரவு முழுவதையும் அனுப்பிவிட்டேன்.

சென்னியப்பனிடம் சொன்னேன்.

"ரொம்ப சந்தோசமுங்க்கா... நம்ம ரெண்டு பேருல... ஒருத்தருக்காவது... பாக்கக் கெடச்சுதே."

மூன்று இடத்தில் மூச்சு வாங்கினார். பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். மூன்று இடத்தில்தான்.

பணி நாள் 1,053 — 09:20

மருத்துவர் பத்மாசனி என்பவரிடமிருந்து செய்தி. இதுவரை எனக்கு எழுதியதில்லை.

"தங்கபுஷ்பம், நிலையம் ஒன்றின் இதயப் பதிவு ஒரு வாரத்துக்கும் மேல வரல. எங்க கேள்விக்கும் நலம்னு ஒத்த வார்த்தைதான் பதில். அவர் கலத்தை வேண்டாம்னது எங்களுக்குப் புரியவே இல்ல. கலத்துல இருக்கிற சிகிச்சைக் கட்டிலை நம்பித்தான் இருந்தோம். உங்களுக்கும் அன்னைக்கே சொல்லியிருந்தோமே. பட்டையை உடனே போடச் சொல்லுங்க. நடமாடவே கூடாது."

அன்றைக்கே சொன்னது எது?

நாள் 1,029இல் வந்த செய்தியை எடுத்தேன். முதல் பத்தியைப் படித்துவிட்டு நான் வசைபாடப் போய்விட்டேன் அல்லவா, அதற்குக் கீழே இருந்தது இது. நூர்ஜகான் எழுதியது:

"ஆனா மேடம், கடைசி முடிவு அந்தப் புரோகிராமை வெச்சு எடுக்கல. சென்னியப்பன் சாருக்கு இதய ரத்தக்குழாயில மூணு அடைப்பு. கட்டில் இல்லாட்டி ரெண்டு மாசம் தாங்கறது கஷ்டம்னு டாக்டர் சொல்றாங்க. உங்களுக்கும் சொல்லிடச் சொல்லி அவரே சம்மதம் குடுத்தார். உங்க காத்துக்கு வழி கண்டுபிடிச்சிருக்கோம் மேடம். பழுதான மூணு பிரிப்பான்லயும் நல்லா இருக்கிற தகடுகளைக் கழட்டி ஒண்ணாக் கோத்தா ஒரு பிரிப்பான் முழுசா ஓடும். சேமிப்போட சேர்த்து ரொம்ப நாள் தாங்கும், அப்புறம் அடுத்த கலம் வர்ற வரைக்கும் ஓட்ட இன்னொரு வழியும் இருக்கு. படத்தோட இணைப்புல அனுப்பறோம். செஞ்சு பார்த்துட்டு ஒரு வரி எழுதுங்க."

நான் எழுதிய ஒரு வரி: நீங்கள் அனுப்பியது எதுவும் எனக்கு உதவாது.

14:00. தகடுகளைக் கழற்றிக் கோத்தேன். படத்தில் இருந்தபடியே. நான்கு மணி நேரம் ஆனது. இரண்டாவது பிரிப்பான் ஓடுகிறது. தலைவலி குறைந்துவிட்டது.

பணி நாள் 1,054 — 08:30

பட்டையைப் போடச் சொன்னேன். படுத்தே இருக்கச் சொன்னேன். மருந்துப் பெட்டியில் இருந்த மாத்திரையை நாக்கடியில் வைக்கச் சொன்னேன். அவருக்கும் இதெல்லாம் முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

கலத்தைத் திருப்ப முடியுமா என்று பூமியைக் கேட்கலாம். கேட்கவில்லை. முடியாது என்று தெரியும். முடியும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

11:10. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

சென்னியப்பன்: "சொல்றதுக்கு என்னங்க்கா இருக்குது... உங்களுக்குத்தான் தெரியுமே. தெரிஞ்சும் கேக்கறாங்கன்னா... அக்காவால அவ்வளவுக்கு முடியல போலன்னு... நெனச்சுக்கிட்டனுங்க. எனக்கு எப்பவுமே ஏதாச்சும் வலி இருக்குமுங்க... உங்களுக்கு ஒண்ணு வந்து நான் பாத்ததில்லீங்க. காத்து இப்ப எப்புடி இருக்குதுங்க?"

எனக்குப் பக்கத்தில் இரண்டு பிரிப்பான்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் ஒலிவாங்கியில் விழக் கூடாதென்று கையால் பொத்திக்கொண்டு சொன்னேன்.

"மோசமாத்தான் இருக்கு தம்பி. நீ இல்லேன்னா செத்திருப்பேன்."

ஐந்து நிமிடம் கழித்து: "அப்பச் சரிங்க்கா."

பணி நாள் 1,055 — 10:00

நிலையம் ஒன்றிலிருந்து குரல் இல்லை. 06:00, 07:00, 08:00, 09:00 அழைத்தேன். பட்டையைப் போட்டிருந்தார். அதன் படம் எனக்கும் வந்தது. 05:22 முதல் நேர்க்கோடு.

பட்டை கழன்றிருக்கலாம் என்று இரண்டு மணி நேரம் சொல்லிக்கொண்டேன்.

பணி நாள் 1,056 — 12:00

பாராட்டு. கட்டுப்பாட்டு அறையே எழுந்து நின்று கைதட்டும் ஒலிப்பதிவு. மூன்றரை நாளுக்கு முன்னால் தட்டிய கை. கோள் மோதலுக்கு என் பெயரை வைக்கப்போகிறார்களாம். கடைசியில் நூர்ஜகான்: "சென்னியப்பன் சாருக்கும் எங்க வாழ்த்தைச் சொல்லிடுங்க மேடம்."

திரையை இன்று விரிக்கவில்லை. சூரியன் முழுநிலவளவு வெளிச்சத்தோடு ஒரு புள்ளியாக நின்றது. பார்த்துக்கொண்டிருந்தேன்.

பணி நாள் 1,060 — 16:45

கலம் இணைந்தது. கதவு அழுத்தம் சரி. உள்ளே புதிய பிரிப்பான்கள் எட்டு. நுழைந்ததும் இடப்பக்கம் சிகிச்சைக் கட்டில். பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. பச்சை விளக்கு எரிகிறது. நோயாளியைப் படுக்க வைக்கவும் என்று தமிழில் எழுதி ஓடுகிறது.

அதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. போர்வையைப் போட்டு மூடினேன். போர்வைக்குள்ளும் தெரிகிறது.

பணி நாள் 1,063 — 10:30

இரண்டு நிலையங்களையும் மூடுகிறார்கள். அடுத்த கலம் ரத்து. ஆள் செத்த பிறகு ஆள் இல்லாமலே செய்யலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் மூன்று நாளில் கிளம்ப வேண்டும்.

கூடவே சென்னியப்பன் மனைவியின் செய்தி. பெயர் ருக்குமணி. இதுவரை நான் அவர் குரலைக் கேட்டதில்லை.

"அக்கா, வணக்கமுங்க. அவரு ஒவ்வொரு சேதியிலயும் உங்களப் பத்தித்தான் சொல்லுவாரு. பக்கத்துல அக்கா இருக்கறாங்க, எனக்குப் பயமில்லீன்னு. ஆபீசுல, அவரே கலத்த வேண்டாம்னு சொல்லிப்போட்டாருன்னு சொல்றாங்க. எதுக்குங்க அப்படிச் சொன்னாரு? எங்கிட்டக் கேக்காம ஒரு சட்டை எடுக்க மாட்டாருங்க அவரு. நீங்கதான் கடைசியாப் பேசுனீங்க. என்ன சொன்னாருன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க்கா. எனக்கு அது போதும்."

பணி நாள் 1,064

எழுதினேன். அழித்தேன். ஐந்து முறை.

உண்மையை எழுதினால் நான்கு வரிதான் வருகிறது. நீளமாக எழுதினால் எல்லாம் சாக்காகிவிடுகிறது. இயந்திரம் படிக்கவில்லை என்று கத்தியவள் நான். அது முதல் வரிக்கு மேல் படிக்கக் கற்றுக்கொடுக்கப்படாத ஒன்று. எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். மூன்று நாளாக அதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். அந்தக் கீழ்ப்பத்தியை அன்றே படித்திருந்து, இணைப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், மூன்று அடைப்பு என்று தெரிந்திருந்தால், அவரிடம் கேட்டிருப்பேனா?

கேட்டிருப்பேன்.

பணி நாள் 1,066 — 09:15

ருக்குமணிக்குப் பதில் அனுப்பிவிட்டேன்.

அவராகவே முன்வந்தார் என்று எழுதினேன். நான் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தேன், அவர் கேட்கவில்லை என்று எழுதினேன். உங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய நினைத்தார், நேரம் இல்லை என்று எழுதினேன். அது ஒன்று உண்மை. கடைசிவரை வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதினேன்.

நூர்ஜகானுக்கும் நகல் போயிருக்கிறது. அவர் பார்த்த அந்த மொட்டை விண்மீனுக்குச் சென்னியப்பன் என்று பெயர் வைக்க முன்மொழிந்திருக்கிறேன். வைப்பார்கள். அவர் ஊரில் கூட்டம் போடுவார்கள். ஒன்பது ஆண்டு கழித்து நான் போய்ச் சேரும்போது என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். போவேன். பேசுவேன்.

10:40. நோக்குக் கருவி நிறுத்தப்பட்டது. மறைப்புத் திரை சுருட்டப்பட்டது. வெப்பம் குறைக்கப்படுகிறது. பிரிப்பான் இரண்டும் ஓடுகின்றன, நிறுத்தவில்லை. நிறுத்தப் போனேன், முடியவில்லை.

கட்டிலில்தான் படுக்க வேண்டும். நீண்ட தூக்கத்துக்கான மற்ற இடம் எரிபொருள் கசிந்த பக்கம் இருக்கிறது, அதைப் பூட்டிவிட்டார்கள். இப்போதுதான் உறையைப் பிரித்தேன்.

11:20. இந்த நிலையத்துக்கு இனி யாரும் வரமாட்டார்கள். சூரியனைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் இவ்வளவும் எழுத முடிந்தது. யாரும் வராத இடத்தில் உண்மை பேச எனக்குத் துணிச்சல் இருக்கிறது.

கிழித்துப் போடக் கை வரவில்லை. கலத்தில் இந்தக் குறிப்பேட்டுக்கு இடம் இருக்கிறது. எடை அரைக் கிலோகூட இல்லை.

எடுத்துப் போகவில்லை.